சேணத்து மேல உக்காந்து சாப்பிட்டவ

ஸ்டெல்லா, என் தங்கமான சண்டைக்காரி,

உன் கடைசி சீனை மாத்தச் சொல்லிட்டாங்க. நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல இந்த நியூஸைச் சொல்லிடறேன். இல்லன்னா நீ மீதியைக் காதுல வாங்க மாட்ட.

இதை எல்லாரும் படிக்கிற இடத்துலதான் போடறேன். நமக்குள்ள பேசிக்கறதுன்னா உன் போட்டோ முன்னாடி நின்னு முணுமுணுக்கலாம். ஆனா நீ என்னைக்கு முணுமுணுத்திருக்க? லிஃப்டுக்குள்ள சண்டை ஆரம்பிச்சா பார்க்கிங்ல வாட்ச்மேன் தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போகும். அதனால நாலு பேர் கேக்கட்டும்.

படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. நானும் என் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் ஹைதராபாத்துல ஒரே அனிமேஷன் ஸ்டூடியோல வேலை. அவ கதையைப் படம் படமா வரைஞ்சு ஸ்டோரிபோர்டு பண்ணுவா. நான் ரிக்கிங். அதாவது கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மைக்கு உள்ள எலும்பு வைக்கிற வேலை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு இதுக்கு வந்தேன். போன மழைக்காலத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கூட்டர்ல என் பின்னாடி உக்காந்துதான் வந்தா. திரும்பி வரல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியுது.

சரி, உன் எபிசோடுக்கு வரேன்.

நம்ம 'காத்துக்கோட்டை' சீரிஸ்ல எல்லாருக்கும் பிடிச்சது பறக்கற உடும்புங்கதான். மேகத்துக்கு மேல மலையுச்சியில கோட்டை, அங்கிருந்து கீழ ஊருக்குத் தபால் கொண்டு போற ரெக்கை முளைச்ச உடும்புங்க. அதுல கிழட்டு உடும்பு டொம்மா. அதை ஓட்டற நிரா. யார்கிட்டயும் சிரிச்சுப் பேசாத, 'வேலை முடிஞ்சுதா, கிளம்பு' டைப். முந்தின எபிசோடுல புயல்ல டொம்மா செத்துப் போச்சு. உனக்குக் குடுத்தது அதுக்கு அடுத்த எபிசோடு. உடும்பு இல்லாத நிராவை வச்சு இருபது நிமிஷம் என்ன பண்ணப் போறன்னு எல்லாரும் கேட்டாங்க.

நீ அவளை நடக்க வச்ச.

கோட்டையில இருந்து கீழ ஊருக்கு மருந்துப் பை போய்ச் சேரணும். வேற உடும்பு தரேன்னு சொல்றாங்க, வேணாங்கறா. பையை இடுப்புல கட்டிக்கிட்டு, டொம்மாவோட சேணத்தைத் தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டு மலைப்பாதையில இறங்கறா. வழியெல்லாம் சனம் சிரிக்குது. "உடும்பைக் காணோம், சேணம் மட்டும் போகுது பாரு." அவ திரும்பிக்கூடப் பாக்கல.

ஸ்டோரிபோர்டு மீட்டிங்ல நான்தான் முதல்ல கேட்டேன். "இவ்வளவு பெரிய சேணம் முதுகுல இருந்தா தோள் இறங்கணும். எவ்வளவு இறக்கட்டும்?" நீ என்னை ஒரு பார்வை பார்த்த. "தோள் எல்லாம் முதல் ரெண்டு நாள்தான்டா இறங்கும். அப்புறம் பழகிடும். கனம் தோள்ல தெரியக்கூடாது, கதவுல தெரியணும்." எனக்குப் புரியல. நீ எந்திரிச்சுப் போய் மீட்டிங் ரூம் கதவு வழியா ஒருக்களிச்சு வெளிய போய்க் காட்டின. அந்த எபிசோடு முழுக்க எந்தக் கதவு வந்தாலும் நிரா ஒருக்களிச்சுத்தான் போவா. யோசிக்காம, பேசிக்கிட்டே. பாக்கறவங்க மூணாவது கதவுலதான் கவனிப்பாங்க. கவனிச்சதும் முந்தின ரெண்டு கதவும் ஞாபகம் வரும். அவ ஒரு தடவைகூட அழல. அழவும் நீ விடல.

அப்புறம் அந்த இரும்பு வளையம். சேணத்துல கால் வைக்கிற வளையம், இடது பக்கத்துது, நடக்க நடக்கப் பாறையில இடிச்சு டங் டங்னு கேட்டுக்கிட்டே இருக்கும். மியூசிக் போடறவர் அதை எடுத்துடலாம்னாரு. நீ விடல. "அதுதான் டொம்மாவோட டயலாக்" அப்படின்ன. செத்துப்போனது கனவுல வரல, புகையா வரல, ஆவியா வரல. தட்டிக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான். அவ உக்காரும்போதுதான் அந்தச் சத்தம் நிக்கும்.

அந்த உக்கார்றதுதான் இப்போ பிரச்சினை.

நீ வரைஞ்ச முடிவு எனக்கு மனப்பாடம். மருந்துப் பையைக் குடுத்துட்டா. ஊர்க்காரங்க நெருப்பு மூட்டி உக்காந்திருக்காங்க. நிரா வாசல்ல ஒருக்களிச்சு வரா. கட். அடுத்த ஷாட்ல சேணம் தரையில இருக்கு, அது மேல அவ உக்காந்திருக்கா, கையில சுட்ட கிழங்கு. மெல்றா. அதுக்காகவே என்கிட்ட சண்டை போட்டு, கன்னம் உப்பறதுக்குத் தனியா ஒரு கண்ட்ரோல் வாங்கின. மென்னு முழுங்கிட்டு அவ கேக்கறா, "இன்னொரு கிழங்கு இருக்கா?" முடிஞ்சுது. பேர் ஓடுது.

சானல்ல இருந்து வந்த குறிப்புல ஒரே ஒரு வார்த்தைக்கு அடிக்கோடு. குளோஷர். குளோஷர் இல்லையாம், அதாவது துக்கத்தை மூடி முடிக்கலையாம். எனக்குத் தெரிஞ்ச குளோஷர் தண்ணித் தொட்டி மூடிதான். அவங்க கேக்கறது என்னன்னா, நிரா சேணத்தை மெதுவா முதுகுல இருந்து கழட்டணும், கட் இல்லாம, கை நடுங்கறது தெரியணும். அதைக் கட்டிப்பிடிச்சு அழணும். நெருப்புல போடணும். புகை டொம்மா மாதிரி மேல போகணும். அவ அண்ணாந்து பாத்துச் சிரிக்கணும். சின்னப் பசங்க பாக்கறது, விட்டுடக் கத்துக்கணுமாம்.

நீ இப்போ மூக்கை எப்படிச் சுளிப்பேன்னு எனக்குத் தெரியும்.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு, கேளு. நிராவுக்கு எலும்பு வைக்கும்போது எபிசோடு முழுக்க சேணம் முதுகுலதானே இருக்கப் போகுதுன்னு, அதை நேரா அவளோட முதுகெலும்புலயே கோத்துட்டேன். சீக்கிரம் ஆகும், ஆடாது. உன் கடைசி ஷாட்ல தரையில இருக்கறது தனியாச் செஞ்ச வெறும் சேணம். அதனால ஒரு தொந்தரவும் வரல. இப்போ அனிமேட்டர் பசங்க புது முடிவைச் சும்மா போட்டுப் பாத்திருக்காங்க. சேணத்தைப் பிடிச்சு நெருப்புப் பக்கம் இழுத்தா, முதுகெலும்பும் கூடவே போகுது. இடுப்புக்கு மேல நிரா ரப்பர் மாதிரி நீண்டு, சேணத்தோட சேந்து அவளும் நெருப்புக்குள்ள விழறா. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் நான் பின்னாடி நிக்கறதைப் பாத்துட்டு கப்புனு நிறுத்திட்டாங்க.

நான் நிறுத்தல. சிரிச்சேன். நீ போனதுக்கு அப்புறம் சத்தம் போட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான். பாவம், பயந்துட்டாங்க.

டைரக்டர் ஸ்ரீனு சார் என்னைக் கூப்பிட்டாரு. உன்கிட்ட அதிகமா திட்டு வாங்கினவரும் அவர்தான், உன் சவப்பெட்டியைச் சுமந்ததும் அவர்தான். அரைத் தெலுங்கு, அரை ஹிந்தில கேட்டாரு.

"ஏம் பாபு, அந்தச் சேணத்தைத் தனியா எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

எவ்வளவு ஈஸியான வழி இருந்துச்சு தெரியுமா? 'ரிக் உடைஞ்சிடும் சார், முதல்ல இருந்து பண்ணணும், டைம் இல்ல'ன்னு சொன்னா போதும். ரிக்கிங் பத்தி அவருக்குத் தெரியாது. நம்பிடுவாரு. வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நீ என் காதுக்குள்ள வந்து கேட்ட. 'அப்போ சேணம் அவகிட்ட இருக்கறதுக்குக் காரணம் அவளா, உன் ரிக்கா?'

"அரை நாள் வேலை சார்," அப்படின்னேன். "பண்ண மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாரு. "நீ இப்போ இருக்கற நிலைமையில பேசறே. நான் கோவிச்சுக்கல. திங்கக்கிழமை வரைக்கும் யோசி. நீ பண்ணலன்னா வேற ஒருத்தன் பண்ணுவான். எப்படியும் எபிசோடு போய்த்தான் ஆகணும்."

நிலைமை. எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்றாங்க. கரூர்ல இருந்து அம்மா போன் பண்ணாலும் அதேதான். "அந்த ஸ்கூட்டரைக் குடுத்துட்டு, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடுப்பா. எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?" எப்படியே இருக்கேன்? எனக்கு அழுகை வரல, வலி வரல. கை மரத்துப் போனா எப்படியோ அப்படித்தான் மொத்தமா இருக்கு. வேலைக்குப் போறேன். ஸ்கூட்டர்ல இன்னும் முன்னாடி தள்ளித்தான் உக்கார்றேன், பின்னாடி உனக்கு இடம் விட்டு. சிக்னல்ல யாராவது சிரிச்சா சிரிக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை மல்காஜ்கிரிக்குப் போனேன், உங்க அம்மாவைப் பாக்க. எபிசோடைப் போட்டுக் காட்டலாம்னு லேப்டாப் எடுத்துட்டுப் போனேன். மாத்தறதுக்கு முன்னாடி அத்தையாவது உன் முடிவைப் பாத்துடட்டும்னு நினைச்சேன். பாரு, அந்த நேரத்துல நான் பாதி தோத்துட்டுத்தான் போயிருக்கேன்.

அத்தை சமையல்கட்டுல வழக்கமான இடத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாங்க. "வா மாப்ள, இளைச்சிட்ட. சாப்பிடறியா இல்ல கம்ப்யூட்டரையே தின்னுட்டு இருக்கியா?"

லேப்டாப்பை அடுப்பு மேடையில வச்சுப் போட்டு விட்டேன். அத்தை கண்ணைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாங்க. வெங்காயம்தான். கதவுல ஒருக்களிச்சுப் போறப்போ உரிச்சிட்டே இருந்தாங்க. டங் டங் சத்தத்துக்கும் உரிச்சிட்டே இருந்தாங்க. கடைசில நிரா சேணத்து மேல உக்காந்து கிழங்கு தின்னப்போ கையில இருந்த வெங்காயத்தை அப்படியே முறத்துல போட்டாங்க.

"ஏய். இது நாந்தானே?"

நான் அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். அவங்க உக்காந்திருந்தது மாமாவோட லைன் பாக்ஸ். மாமா கூட்ஸ் வண்டியில கார்டா இருந்தப்போ கொடி, விளக்கு, சோத்து டப்பா எல்லாம் வச்சுக்கிட்டு வண்டிக்கு வண்டி கூடவே கொண்டு போன கறுப்பு இரும்புப் பெட்டி. பக்கத்துல வெள்ளைப் பெயின்ட்ல அவர் பேர். பாதி அழிஞ்சிருக்கு, ஏன்னா அத்தையோட புடவை அங்கதான் உரசும். நம்ம கல்யாணத்துல இருந்து நான் அந்தச் சமையல்கட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்! ஒரு நாளும் தோணல. நீயும் சொல்லல. உங்க அம்மாவைக் கொண்டு போய் மேகத்துக்கு மேல கோட்டையில வச்சு, உடும்பு ஓட்ட விட்டிருக்க.

"உங்க மாமா போனப்புறம் எல்லாரும் இதையேதான் சொன்னாங்க மாப்ள. பழைய இரும்புக்குப் போட்டுடு, பாத்தா ஞாபகம் வரும்னு. பெரிய பையன் இரும்புக்கடை ஆளையே கூட்டிட்டு வந்துட்டான். நக்கோ, வேணாம், வைடா கீழன்னேன்."

நான் மெதுவாக் கேட்டேன். "மாமா ஞாபகமா வச்சிருக்கீங்களா அத்தை?"

"ஞாபகத்துக்கா? கைக்கு, எதுக்கு? ஞாபகம் வர்றதுக்குப் பெட்டி வேணுமா? முட்டி வலிடா மாப்ள. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. இது சரியான உயரம்." பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாங்க. "அந்த மனுஷன் இருந்தப்போ ஒரு நாள் வீட்டுல தங்கினதில்ல. எப்பப் பாரு லைன்ல. இப்பத்தான் உக்காந்து பேச முடியுது."

அப்புறம் நெருப்புல போடற முடிவைச் சொன்னேன். அத்தைக்குக் கோவம் வந்துச்சு பாரு.

"ஹவ், ஆமா, எரிச்சிட்டு? எரிச்சிட்டு அந்தப் பொண்ணு எதுல உக்காரும்? அவங்க அப்பன் நாற்காலி கொண்டாந்து போடுவானா?"

தட்டுல சோறு வச்சாங்க. வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு. நிராவைப் பாத்தேனா, சாம்பாரைப் பாத்தேனா தெரியல, தட்டு காலி. "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" அப்படின்னு கேட்டேன். கேட்டப்புறம்தான் நான் என்ன கேட்டேன்னு எனக்கே உறைச்சுது. அத்தை கரண்டியை எடுத்தாங்க.

திங்கக்கிழமை காலையில ஸ்ரீனு சார் ரூமுக்குப் போனேன். உக்காரச் சொன்னாரு. நின்னேன்.

"சார், ரெண்டே வழி. எபிசோடு ஸ்டெல்லா வரைஞ்ச மாதிரி போகட்டும். இல்லன்னா மாத்திக்கோங்க, யாரை வேணா வச்சுச் செஞ்சுக்கோங்க. ஆனா அப்போ அவ பேரை எடுத்துடணும். என் பேரையும். அந்த முடிவு அவளோடது இல்ல. செத்தவ பேரை அதுக்கு ஒட்டக்கூடாது."

"பேரை எடுக்கறதா? அது அவ கடைசி எபிசோடு பாபு!"

"அதனாலதான் சார்."

 அவர் சானல்ல குறிப்பு எழுதின அந்த மேடத்துக்கே போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, "நீங்களே இவன்கிட்ட பேசுங்க, என்னால முடியல"ன்னாரு. அந்தம்மா மோசமானவங்க இல்ல ஸ்டெல்லா. மரியாதையாத்தான் பேசினாங்க. உனக்காக வருத்தம் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க. "விட்டுடணும்னு காட்டலன்னா, இதைப் பாத்து ஒரு குழந்தை என்னதான் கத்துக்கும்?"

எனக்கு சிம்பல், தீம்னு பேசத் தெரியாது. அது உன் டிபார்ட்மென்ட். நான் எலும்பு வைக்கிறவன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சாப்பிடணும்னு கத்துக்கும் மேடம். அவ சேணத்தை வச்சு அழுதுட்டு இல்ல. அதைக் கீழ போட்டு, அது மேல உக்காந்து, இன்னொரு கிழங்கு கேக்கறா. மலை இறங்கி நடந்து வந்திருக்கா, பசிக்குது. இதுக்கு மேல என்ன மேடம் விடணும்? எரிச்சா அவ நின்னுக்கிட்டே சாப்பிடணும்."

  அந்தம்மா, "எங்க அப்பாவோட தையல் மெஷின் மேலதான் நான் டிவி வச்சிருக்கேன்"னாங்க. போனை வச்சுட்டாங்க. சாயங்காலம் மெயில் வந்துச்சு. முடிவு இருக்கறபடியே போகலாம்.

ஸ்ரீனு சார் என் சீட்டுக்கு வந்து தோள்ல கை வச்சாரு. "நீ உன் பொண்டாட்டி மாதிரியே ஆயிட்டே. ஆபீஸுக்கு ஆபத்து," அப்படின்னுட்டுப் போனாரு.

ஜெயிச்சாச்சுல்ல, கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பல. நிராவோட ரிக்கைத் திறந்தேன். முதுகெலும்புல இருந்து சேணத்தைப் பிரிச்சேன். யாரும் கேக்கல, எந்த ஷாட்டுக்கும் தேவையில்ல. அரை நாள்னு சொன்னேன், டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சுது. தோளுக்கு ஒரு வார், மார்புக்கு ஒரு வார், ரெண்டுக்கும் கொக்கி. அவ கை நீட்டினா எட்டற இடத்துல வச்சேன்.

கழட்ட முடியாம சுமக்கறவளா அவளை விட எனக்கு மனசு வரல. இப்போ அவ நினைச்சா கழட்டலாம். எந்த நாள், எந்த ஊர்ல, யார் முன்னாடி, எல்லாம் அவ இஷ்டம். சானல் சொல்லக்கூடாது, டைரக்டர் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. டெஸ்ட்டுக்கு ஒரு தடவை நடக்க விட்டுப் பாத்தேன். கதவு வந்துச்சு. ஒருக்களிச்சுப் போனா.

எபிசோடு வந்ததும் அத்தை வீட்டுல பாத்தோம். கடைசில உன் பேர் வந்தப்போ அத்தை டிவி கிட்டப் போய் நின்னு படிச்சாங்க, சத்தமா, எழுத்துக் கூட்டி. நெட்ல சிலபேர் எழுதியிருக்காங்க, நிரா இன்னும் மீண்டு வரலையாம். எழுதட்டும். அவங்களுக்கு முட்டி வலி வரல போல.

எனக்கு அழுகை எப்ப வரும் ஸ்டெல்லா? வருமா? வராமலே போயிடுமா? நீ அந்தப் பொம்மையை அழ விடாததுக்குக் காரணம் உங்க அம்மாவா, இல்ல எனக்கும் சேத்து முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தியா? கேக்கலாம்னா ஆள் இல்ல. பின்சீட்டு இருக்கு. அதுகிட்டதான் கேக்கறேன்.

வாக்கு ஒண்ணு தரேன். ஸ்கூட்டரைக் குடுக்க மாட்டேன். யாரும் சொன்னாங்கன்னு உன்னை எந்த நெருப்புலயும் போட மாட்டேன். என்னைக்காவது நான் நடுவுல தள்ளி உக்காந்தா, அது எனக்கே தெரியாம, என் இஷ்டத்துல நடக்கும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மல்காஜ்கிரி போவேன். உக்காருவேன். சாப்பிடுவேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.

முன்னாடி தள்ளி உக்காந்து வண்டி ஓட்டற,
உன் வீட்டுக்காரன்